கோயில் குவாலியில் எண்பத்து நான்கு

புனிதாவுக்கு வயது நாற்பத்து நான்கு. மலேசியாவில், லாபு பக்கம் ஒரு மலிவு விலைக் குடியிருப்புத் தாமானில் கடைசி வரிசை வீடு. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருடமாக ஷிப்ட் வேலை. கணவன் தர்மேந்திரன் லோரி ஓட்டுகிறவர்; வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் அவள் கதை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வரிசையில் நடந்து போகிறவர்களுக்குத் தெரியும், அவள் வீட்டு ஜன்னலிலிருந்து வரும் வாசனை சாம்பார் வாசனை இல்லை என்று.

தொடங்கியது ஒரு வீம்பில்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் ஆண்டிறுதி விருந்து. ஆளுக்கொரு பலகாரம் கொண்டு வர வேண்டும். பெயர் எழுதும் தாளில் ஏற்கெனவே நாலு பேர் கறிபாப், மூன்று பேர் மீ கோரேங். புனிதா பேனாவை வாங்கி, அன்று காலை பஸ்ஸில் போனில் பார்த்த வீடியோவை நினைத்துக்கொண்டு, 'டாக்கோ' என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகுதான் எப்படிச் செய்வது என்று யோசித்தாள்.

சூப்பர் மார்க்கெட்டில் டோர்டியா ரொட்டி பாக்கெட்டில் கிடைத்தது. பால் டின் மூடியால் அதை வட்ட வட்டமாக வெட்டினாள். கப் கேக் சுடும் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, மேடுகளுக்கு இடையில் வட்டங்களைச் செருகி ஓவனில் வைத்தாள். மொறுமொறுவென்று சின்னக் கிண்ணங்கள் வந்தன, ஒரு வாய்க்கு ஒன்று. உள்ளே கொத்துக்கோழி, வறுத்த சீரகம், ஊற வைத்து அரைத்த காய்ந்த மிளகாய். மேலே பொடிப் பொடியாக வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி. ஒரு பிழி எலுமிச்சை.

"சீரகம், மிளகா, எலுமிச்ச. மெக்சிகோக்காரன் நம்ம பங்காளிதான் போல," என்றாள் புருஷனிடம்.

"பங்காளின்னா சண்டைக்கு வருவான், பாத்துக்க," என்றார் தர்மேந்திரன்.

விருந்தில் தட்டு பத்து நிமிடத்தில் காலி. பெர்சனல் ஆபீஸ் நிலானி, படித்த பெண், தொழிற்சாலையில் எல்லோருடைய லீவும் அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது, கையில் காலித் தட்டோடு வந்து கேட்டாள்: "அக்கா, இது எங்க வாங்கினீங்க?"

"வாங்கலம்மா. செஞ்சேன்."

அந்தக் கேள்வியைப் புனிதா மெடல் மாதிரி வீட்டுக்குக் கொண்டு போனாள்.

நிலானியின் வீடு தெமியாங்கில். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவளுடைய தாத்தா எஸ்டேட் ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதும் மேசைக்காரர். புனிதாவின் தாத்தா அதே மாதிரி ஓர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். இதை அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் நிலானி ஒன்று கேட்டால் முடியாது என்று சொல்லப் புனிதாவுக்கு வாய் வருவதில்லை.

இந்த வருடம் ஜூலையில் நிலானி கேட்டாள். "அப்பாவுக்கு எழுபது வயசாகுது, அக்கா. சனிக்கிழமை பின்னேரம் பார்ட்டி. வடை, கறிபாப் எல்லாரும் வைக்கிறதுதானே. உங்கட அந்தச் சின்னச் சின்ன மெக்சிகன் சாமான் வேணும். ரெண்டு வகை. ஒவ்வொண்டும் நூத்தி இருபது."

"செஞ்சிடலாம்லா," என்றாள் புனிதா.

இரண்டாவது வகைக்கு அவள் தேர்ந்தெடுத்தது எம்பனாடா. மைதா மாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து, வட்டம் வெட்டி, கோழியும் சிவப்புப் பயறும் சீஸும் வைத்து, அரை நிலாவாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துவது. முதல் தட்டைப் பார்த்ததும் தர்மேந்திரன் சொன்னார்: "இது கறிபாப்புதானே?"

"கறிபாப்புல உருளக்கிழங்கு இருக்கும். இதுல சீஸ்."

"அப்ப சீஸ் கறிபாப்பு."

"நீங்க போயி லோரியப் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை அவர் ஜொகூருக்கு லோரியை எடுத்துக்கொண்டு போனார். அன்று சாயந்திரம் ஓவன் செத்தது. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிந்தது, சூடு இல்லை.

புனிதா நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சுட முடியாது, பொரிக்கத்தான் வேண்டும். முந்தின நாளே பொரித்து வைத்தால் கிண்ணம் நமத்துவிடும். சனிக்கிழமை மதியம்தான் பொரிக்கலாம். ஐந்து மணிக்கு நிலானியின் தம்பி கார் கொண்டு வருவான். அவள் வீட்டுக் குவாலி, ஆறு எம்பனாடா போட்டால் ஏழாவதற்கு இடமில்லாத சின்ன இரும்புச் சட்டி. இரண்டு வரிசை தள்ளி, கல்யாணத்துக்குச் சமைத்துக் கொடுக்கும் ரதியிடம் ஓடினாள். ரதியின் சட்டிகள் அத்தனையும் போர்ட்டிக்சனில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன.

அப்போதுதான் கோயில் குவாலி நினைவுக்கு வந்தது.

அவள் பிறந்த எஸ்டேட், தாமானிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. மாரியம்மன் கோயிலும், பக்கத்தில் ஒரு மண்டபமும், தண்ணீர்த் தொட்டியும், சாமான் அறையும் செம்பனைக்கு நடுவில் நிற்கின்றன. வெளியேறிப் போனவர்கள் வெள்ளிக்கிழமை தோறும் மோட்டாரிலும் காரிலும் திரும்பி வருவார்கள். சாமான் அறையில் இருக்கும் பெரிய இரும்புக் குவாலியில் ஒரே நேரத்தில் முப்பது வடை மிதக்கும். அதில் அம்மனுக்குப் படைப்பதை மட்டும்தான் பொரிப்பார்கள். முனியாண்டிக்குக் கடா வெட்டும் நாளில்கூட அதற்கு வேறு சட்டி, வேறு கரண்டி, வேறு அடுப்பு. இந்தச் சட்டம் எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அங்கே பிறந்த யாருக்கும் எழுதி ஒட்டத் தேவையில்லை.

அறைச் சாவி மங்கம்மாவிடம். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள், ஐம்பத்தெட்டு வயது. சாவியைத் தாலிச் செயினோடு சேப்டி பின்னில் கோத்து வைத்திருப்பாள்.

புனிதா குவாலியைக் கேட்டதும், "எதுக்குடி?" என்றாள்.

"ஒரு ஆர்டர்க்கா. ரொட்டி பொரிக்கணும். சைவந்தான்."

"கவிச்சி படாதே?"

"சத்தியமா படாதுக்கா."

"தலைவர் சன்னாசிகிட்ட கேக்காம வெளிய குடுக்கக் கூடாது. உனக்காகத்தான் குடுக்குறேன். திங்கக்கிழம வந்துடணும்."

அந்த நேரத்தில் அது பொய் இல்லை. டாக்கோ கிண்ணங்களைக் கோயில் குவாலியில், வெறும் ரொட்டியாக. கோழி வைத்த எம்பனாடாவை வீட்டுக் குவாலியில். அதுதான் அவள் திட்டம். குவாலியை மோட்டாரின் பின்னால் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு செம்பனைப் பாதையில் வந்தபோது ஆமை ஓட்டை முதுகில் தூக்கி வருகிறவள் மாதிரி இருந்தாள். தனக்குத் தானே சிரித்துக்கொண்டுகூட வந்தாள்.

சனிக்கிழமை மதியம் கொல்லைப்புறத்தில் இரண்டு அடுப்பு. பெரிய குவாலியில் ரொட்டி வட்டத்தைப் போட்டு, சின்னக் கரண்டியின் முதுகால் நடுவில் அழுத்திப் பிடித்தால் ஓரங்கள் எழும்பிக் கிண்ணமாகும். அழகாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொன்றையும் பிடித்து நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில் சின்னக் குவாலியில் ஆறு ஆறாக எம்பனாடா. நூற்றிருபது கிண்ணமும் முடிந்தபோது மணி நாலு. எம்பனாடா முப்பத்தாறுதான் ஆகியிருந்தது. மீதி எண்பத்து நான்கு தட்டில் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தன. பெரிய குவாலியில் எண்ணெய் தளதளவென்று காய்ந்து, வேலை இல்லாமல் நின்றது.

அவள் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தும், அந்த இடத்தில் யோசித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. மணியைப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவினால் இரும்பு இரும்புதானே என்று வாய்க்குள் சொன்னாள். இருபத்தெட்டை வழித்துப் போட்டாள். பிறகு இன்னொரு இருபத்தெட்டு. மூன்றாவது தடவை நாலைந்து வெடித்து, சீஸும் கோழியும் எண்ணெயில் சீறி விளிம்பு வரை தெறித்தன. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

தெமியாங் வீட்டில் கை தட்டினார்கள். நிலானி அவளைக் கூடத்துக்கு இழுத்து வந்து "இவங்கதான் எங்கட செஃப்" என்றாள். எழுபது வயது இராசரத்தினம் கையில் மூன்றாவது எம்பனாடாவோடு, "எந்த ஹோட்டலிலை வேலை செய்தனீங்கள், பிள்ளை?" என்று கேட்டார். புனிதா சிரித்து மழுப்பினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டியிருந்தது.

ஞாயிறு முழுக்கக் குவாலியைத் தேய்த்தாள். சோப்பு, புளி, தேங்காய் நார், மறுபடியும் சோப்பு. வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து நல்லெண்ணெய் தடவினாள். திங்கட்கிழமை கொண்டு போய்க் கொடுத்தாள். மங்கம்மா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பளபளன்னு ஆக்கிட்டியே! ஒன்னும் படலையே?" என்றாள்.

"இல்லக்கா."

இது பொய். இதைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆடி வெள்ளி. கோயிலில் இருநூறு பேருக்குக் குறையாது. புனிதா லீவு எடுத்துக்கொண்டு காலையிலேயே போய், தண்ணீர்த் தொட்டியருகில் வாழையிலை கழுவ உட்கார்ந்தாள். இருபது அடி தள்ளி மண்டபத்தின் பின்புறம் அடுப்பு. மங்கம்மா குவாலியை ஏற்றினாள். கோயிலில் எண்ணெய் தாராளம். விளிம்பு வரை ஊற்றுவார்கள். புனிதா அவ்வளவு ஊற்றியதில்லை. எண்ணெய் ஏறி, கைப்பிடியைச் சேர்த்து அடித்திருக்கும் ஆணித் தலைகளை மூடியது. காய்ந்தது. முதலில் ஒரு தீய்ந்த வாடை. பிறகு ஆணிக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று கழன்று நுரையோடு மேலே வந்தது.

வடை மாவோடு நின்ற வள்ளிநாயகி, எதையும் முதலில் பார்க்கிறவள், அதைக் கரண்டியில் அள்ளி விரலால் பிய்த்தாள். "இது என்னாது? கோழி நாரு மாதிரி இருக்கு!"

"வெங்காயமா இருக்கும்," என்றாள் மங்கம்மா.

"வெங்காயத்துல எங்கடி நாரு? மோந்து பாரு."

பெண்கள் கூடினார்கள். தலைவர் சன்னாசி பூசை வேலையை விட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்டதாண்ணே."

"யாருக்காச்சும் சட்டியக் குடுத்தியா?"

மங்கம்மா நிமிர்ந்தாள். கூட்டத்துக்கு மேலாகத் தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். "குடுத்தேண்ணே. உங்ககிட்ட கேக்காதது என் தப்பு. சைவத்துக்குத்தான் குடுத்தேன். வாங்குனவ பேர இத்தன பேருக்கு முன்னால சொல்ல மாட்டேன். கவிச்சி படலன்னு சொல்லித்தான் திருப்பிக் குடுத்தா."

"அவ சொன்னா ஆச்சா?" என்றாள் வள்ளிநாயகி. "அம்மன் சட்டிடி இது! அவ்ளோ நம்பிக்கைன்னா சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணு பாப்போம்."

"பண்றேன். அதுக்கென்ன?"

தட்டில் சூடம் வந்தது. யாரோ கொளுத்தினார்கள். வெயிலில் தீ சரியாகத் தெரியவில்லை. கரும்புகை மட்டும் நேராக எழுந்தது. புனிதாவின் கையில் ஈர இலை. எழுந்துவிட்டாள். வாயையும் திறந்தாள். ஒரு சொல் போதும், 'அக்கா' என்றால்கூடப் போதும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இருநூறு முகமும் தன் பக்கம் திரும்பும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. மங்கம்மா, "நான் குடுத்த சட்டில கவிச்சி படல, தாயே" என்று சொல்லி, தீயின் மேல் உள்ளங்கையை அறைந்தாள்.

சூடம் அணைந்தது. புனிதா உட்கார்ந்து அடுத்த இலையைக் கழுவினாள்.

சத்தியத்தோடு விசாரணை முடிந்தது. எண்ணெயைக் கொட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் விட்டுக் குவாலியைக் கழுவினார்கள். மறுபடி எண்ணெய் ஊற்றி அதிலேயே வடை சுட்டார்கள். பூசை முடிந்ததும் மங்கம்மா தேடி வந்து, "இந்தா, காலைலேந்து தண்ணியிலயே கெடக்குற, தின்னு" என்று சுடச்சுட இரண்டு வடையை நீட்டினாள். உள்ளங்கை நடுவில் கறுத்துப்போய், ஓரம் சிவந்திருந்தது. புனிதா வாங்கிக்கொண்டாள். தின்ன முடியவில்லை. எறியவும் முடியவில்லை. கைப்பைக்குள் ஒரு தாளில் சுற்றி வைத்தாள்.

மறுநாள் காலை அந்தப் பையோடு மங்கம்மா வீட்டுக்குப் போனாள். சொன்னாள். ஓவன் கெட்டதிலிருந்து தொடங்கி, ரதி வீட்டுச் சட்டி, கார் வரும் நேரம் என்று அடுக்கிக்கொண்டு போனபோது மங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஓவன் கதையெல்லாம் எனக்கு எதுக்கு? எத்தன போட்ட?"

"எம்பத்து நாலு."

"கோழியா?"

"கோழிக்கா."

"நான் சூடம் அணைக்கும்போது நீ எங்க இருந்த?"

"தொட்டிகிட்ட."

"பாத்தியா?"

புனிதா தரையைப் பார்த்தாள். "பாத்தேன்."

கத்துவாள், அடிப்பாள் என்றுதான் புனிதா வந்திருந்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். மங்கம்மா உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, "வர்ற வெள்ளிக்கிழம அங்க வந்து சொல்லிரு" என்றாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போவுது? நான் சாமிகிட்டல்ல பொய் சொல்லியிருக்கேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து புனிதா சொன்னாள். குரல் இரண்டு தடவை அறுந்தது. சட்டி வாங்கினது நான்தான், கோழி வைத்த எம்பனாடா பொரித்தேன், கழுவிக் கொடுத்தேன், கவிச்சி படவில்லை என்று பொய் சொன்னேன்.

"எம்ப… என்னாது?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"மெக்சிகோ பலகாரம். கறிபாப்பு மாதிரி."

"மெக்சிகோ கறிபாப்பா! நமக்கு ஒன்னு கூடக் கண்ணுல காட்டலியேம்மா!"

சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சிரித்தது தோலை உரித்தது.

வள்ளிநாயகி மட்டும் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நீ இங்கதானே இருந்த? மங்கம்மா சத்தியம் பண்ணும்போது?"

புனிதாவின் வாய் தானாகவே பேசியது. "தொட்டிப் பக்கம் இருந்தேன். என்ன நடக்குதுன்னு தெரியல."

மங்கம்மா அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். அது பொய் என்று மங்கம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சன்னாசி தீர்ப்பை நீட்டவில்லை. புனிதா கோயிலுக்குப் புதுக் குவாலி வாங்கி வைக்க வேண்டும். பழையதை அவளே எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவ்வளவுதான். கூட்டம் கலையப் போன நேரத்தில் மங்கம்மா சேப்டி பின்னைக் கழற்றி, சாவியை அம்மன் முன்னால் இருந்த தட்டில் வைத்தாள்.

"நீ எதுக்கும்மா? உன் மேல தப்பு இல்லைன்னுதான் ஆயிருச்சே," என்றார் சன்னாசி.

"சத்தியம் என்னோடதுதானேண்ணே. பொய்யாப் போச்சு. பொய்ச் சத்தியம் பண்ண கையில சாவி இருக்கக் கூடாது."

இப்போது சாவி வள்ளிநாயகியிடம். மங்கம்மா வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், கும்பிடுகிறாள், அடுப்புப் பக்கம் போவதில்லை. புனிதாவைக் கண்டால் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை.

குவாலி புனிதா வீட்டுக்கு வந்தது. அலமாரியில் நுழையவில்லை, அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னாலும் நிற்கவில்லை. கடைசியில் வாசல் போர்ட்டிகோவில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்த்து வைத்தாள். தர்மேந்திரன் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்ருவோமா?" என்றார்.

"வேணாம்."

"அப்ப அடுப்புலயாச்சும் ஏத்து."

"அதுவும் வேணாம்."

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் நிலானி வந்தாள், முதல் தடவையாக வீட்டுக்கே. தம்பி ஜீவானந்தனுக்கு நிச்சயதார்த்தம். "அப்பா இன்னும் உங்கட அந்த எம்பனாடாவைப் பற்றித்தான் கதைக்கிறார், அக்கா. முந்நூறு வேணும்."

"நூறுதாம்மா முடியும். அதுக்கு மேல நான் எடுக்குறதில்ல."

"ஏன்?"

"என் சட்டில ஆறுதான் பொரியும்."

நிலானி திரும்பி வாசலைப் பார்த்தாள். குவாலியின் விளிம்பில் சாயந்திர வெயில் பட்டுக்கொண்டிருந்தது. "பொய் சொல்லுறீங்க!" என்று சிரித்தாள். "அவ்வளவு பெரிய சட்டி ஒண்டு வாசலிலேயே இருக்கே!"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். புனிதாவுக்குக் காது சூடேறியது. பதில்கள் வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி தயாராக இருந்தன: ஓட்டை விழுந்தது, வேறொருவருடையது, சும்மா வைத்திருக்கிறேன். எதையாவது ஒன்றை மாட்டிக்கொண்டு போய்விடலாம். நிலானி நம்பிவிடுவாள். தெமியாங்கில் யாரும் கோயிலுக்கு வந்து விசாரிக்கப் போவதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. பார்த்தேன் என்ற உண்மை இன்றைக்கு இந்தப் பெண்ணிடம் ஒரு தடவை வாயிலிருந்து வந்துவிட்டால், நாளைக்குக் கோயிலில் இரண்டாவது தடவை வரலாம்.

"உக்காரும்மா," என்றாள். "அன்னிக்கு உங்க வீட்டுல தின்னது அந்தச் சட்டில பொரிச்சது. அது கோயில் சட்டி."

நிலானியின் சிரிப்பு பாதியில் நின்றது.

புனிதா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓவனைப் பற்றிச் சொல்லவில்லை. ரதி வீட்டுச் சட்டியைப் பற்றியும் சொல்லவில்லை.

"எங்க கோயில்ல ஒரு தண்ணித் தொட்டி இருக்கு," என்று தொடங்கினாள். "அங்கேந்து பாத்தா எல்லாம் நல்லாத் தெரியும்."